முப்பத்துநாலை நாலால வகுத்தா

எடுக்க மாட்டான் சார். டிரைவருகிட்டப் போயி மல்லுக்கு நின்னு ஒண்ணும் ஆகப்போறதில்ல. சீட்டு பூராம் நெறஞ்சிருச்சு, படிக்கட்டுல ஆளு தொங்குது, எல்லாம் எனக்கும் தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மஞ்ச வண்டிக்கு வத்தலக்குண்டு ஸ்டாண்டுல டைம் பதினொண்ணு நாலு. பதினொண்ணு மூணுக்கு அவன் கியரத் தொட்டான்னா நான் முன்னாடி போயி நிப்பேன். என் மேல ஏத்திட்டுப் போடான்னு நிப்பேன். இருவத்தொம்பது வருசமா நிக்கிறேன், ஒருத்தனும் ஏத்தல.

வாங்க, இப்பிடி நெழல்ல உக்காருங்க. இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு. எம் பேரு சவடமுத்து. பஸ் மொதலாளிமாரு எல்லாரும் சேந்து போட்ட டைம்கீப்பரு. ஒருத்தன் ஒரு நிமிசம் முன்னாடி எடுத்தான்னா பின்னாடி வர்றவன் சோத்துல மண்ணு. அதப் பாக்கத்தான் நான் உக்காந்திருக்கேன். 'கொஞ்சம் முன்னாடி எடுத்துருவமே'ன்னு எவனாச்சும் சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அதையே ஒரு டாக்டரம்மா என்கிட்டச் சொல்லுச்சு சார். வண்டிய இல்ல. எம் மக வயித்துல இருந்த புள்ளைய.

அந்தா டீ ஆத்துறான் பாருங்க, அவன்கிட்டக் கேட்டீங்கன்னா கதைய வேற மாதிரி சொல்லுவான். சவடமுத்து ஆஸ்பத்திரியில தோத்துப்போயி வந்தாரு, கீழ விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலம்பாருன்னு சிரிப்பான். எனக்கு மீசையே கெடையாது, பாத்துக்கங்க. அதனால நடந்தத நானே சொல்லிர்றேன். நான் தோக்கல.

எம் மக யுவராணி. ஒரே மக. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்குற பையனுக்குக் குடுத்திருக்கோம். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு, ஏழு வகை சோறு ஆக்கிப் போட்டு, வீட்டுக்குக் கூட்டியாந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான? அப்பப் பொறுப்பு யாருது? என்னுது. அதத்தான் நான் கடைசி வரைக்கும் சொன்னேன்.

வந்த பத்தாம் நாளு எங்க ஊரு நர்சம்மா டேப்ப வச்சு வயித்த அளந்துட்டு, "முப்பது வாரத்துக்கு வயிறு இருவத்தாறுதான் காட்டுது, புள்ள வளரக் காணமே"ன்னுச்சு. டேப்பு வச்சு அளக்க இதென்ன ஜாக்கெட்டுத் துணியான்னு கேட்டேன். சிரிக்கல அது. திண்டுக்கல்லுக்குப் போயி ஸ்கேன் எடுங்கன்னு எழுதிக் குடுத்துருச்சு. எடுத்தோம். புள்ள சின்னதா இருக்கு, இருக்க வேண்டிய எடையில முக்காவாசி கூட இல்லன்னாங்க. சரி, சாப்பாடு பத்தல போலன்னு நெஞ்செலும்பு சூப்பு வச்சேன், பேரீச்சம்பழம் வாங்குனேன், எங்க வீட்டுக்காரி பவுன்தாயி உளுந்தங்களியாக் கிண்டிப் போட்டா. மக ஊதுனா. கால் வீங்குச்சு, பிரசர் ஏறுச்சு. உள்ள இருக்குறது மட்டும் அப்படியே இருக்கு. மொதல்ல வாரத்துக்கு ஒரு ஸ்கேனு, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு ஸ்கேனு. திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் நடையா நடந்தோம்.

ஒரு திங்கக்கெழம டாக்டரம்மா எங்க மூணு பேரையும் உக்கார வச்சுச்சு. சின்னப் புள்ள சார். எம் மகளுக்கு அக்கா மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

"ஐயா, நஞ்சுக்கொடி சரியா வேல செய்யல. கொடி வழியாப் போற ரத்தம் நின்னு நின்னு போகுது. புள்ள ஆயிரத்து முந்நூறு கிராம்தான் இருக்கு. உள்ள விட்டாலும் ஆபத்து, வெளிய எடுத்தாலும் ஆபத்து. போன வாரம் வரைக்கும் உள்ள இருக்குறதுல ஆபத்து கம்மியா இருந்துச்சு. அதான் பொறுத்தோம். இன்னைக்கு அது மாறிப்போச்சு. நுரையீரல் பலப்படுறதுக்கு ஊசி போட்டுட்டு, நாளன்னைக்குப் புதன்கெழம எடுத்துரலாம்"னுச்சு.

நான் கேட்டேன், "புதன்கெழம எத்தனாவது மாசம் தாயி?"

"முப்பத்துநாலு வாரம் முடியுது."

"வாரம் கேக்கல. மாசம்."

அது முழிக்கிது. நான் சட்டப்பையில இருந்து காலண்டர எடுத்தேன். கடைசியாத் தீட்டு வந்த நாள்லருந்து விரல் விட்டு எண்ணிக் காட்டுனேன். எட்டு நடக்குது. எட்டு முடியறது அடுத்த செவ்வாய். அடுத்த புதன் காலையில ஒம்போது பெறக்குது. ஒரே ஒரு வாரம் சார். ஒரு வாரம் தள்ளிப்போடுன்னு கேட்டேன், வேறென்ன கேட்டேன்? ஏழுல பெறந்தாத் தங்கும், ஒம்போதுல பெறந்தாத் தங்கும். எட்டுல பெறந்தாத் தங்காது. இது நான் கண்டுபுடிச்சதா? ஊரு ஒலகம் பூராம் சொல்றதுதான.

"அப்படியெல்லாம் இல்ல ஐயா. ஏழு மாசத்துப் புள்ளைய விட எட்டு மாசத்துப் புள்ளைக்குத்தான் பலம் அதிகம்"னுச்சு.

"தாயி, நீ புத்தகத்துல படிச்ச. நான் கையில வாங்கிப் பாத்தவன். எங்களுக்கு மூத்தது ஒரு பய. எட்டாம் மாசம் பெறந்தான். தங்கல."

டாக்டரம்மா கையில இருந்த பேனாவ மேசையில வச்சுருச்சு. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். பவுன்தாயி சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. இருவத்தேழு வருசம் ஆச்சு, இன்னும் அந்தப் பேச்ச எடுத்தா அவளுக்கு ஆகாது. பொம்பள மனசு.

அப்புறம் அந்த டாக்டரம்மா ஒரு வேல பண்ணுச்சு. என்னைய விட்டுட்டு எம் மகளப் பாத்து, "யுவராணி, நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டுச்சு. பெத்த அப்பன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்!

நான் குறுக்க விழுந்து சொன்னேன், "ஆத்தா, ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கக் கூடாதா? ஒரு வாரம்தான."

எம் மக என்ன சொன்னா தெரியுமா? வயித்துல கைய வச்சுக்கிட்டு, என்னையப் பாத்து, "அடுப்பு அணைஞ்சுபோச்சுப்பா. இன்னும் ஒரு வாரம் அடுப்புல வச்சிருந்தாலும் வேகாது"ங்கறா.

பதில் பேசுற வயசா அது? இருவத்தஞ்சு வயசு. இதே புள்ளதான், காலேசுக்குப் போகையில எந்த வண்டியில ஏறணும்னு என்னையக் கேட்டுத்தான் ஏறும். சொல்லிட்டு, மேசையில கெடந்த பேனாவ எடுத்து ஏதோ பாரத்துல கையெழுத்துப் போட்டா. அட்மிஷன் பாரமா இருக்கும். அதுக்கெல்லாம் நான் குறுக்க நிக்கல. பெட்டுல படுக்கட்டும், டாக்டரு பாக்கட்டும், நல்லதுதான. எடுக்குற நாளு மட்டும் நான் சொல்றதுன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

இருங்க சார், ஒரு விசில் அடிச்சுட்டு வந்துர்றேன். தேனி வண்டி.

ம். எங்க விட்டேன்? செவ்வாய்க்கெழம. செவ்வாய்க்கெழம காலையில இருந்து வார்டு வாசல்லயே உக்காந்துட்டேன். என்னையத் தாண்டி எம் மகள எப்படி ஆபரேஷனுக்குக் கொண்டுபோறாங்கன்னு பாக்குறேன்னு. மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். தங்கமான மனுசன். "நீங்க பெரியவங்க மாமா, நீங்க பாத்துச் சொன்னாச் சரிதான்"னாரு. கேட்டுக்கங்க, மாப்பிள்ளையே எம் பக்கம். அதுக்கப்புறம் எம் மககிட்ட அர மணி நேரம் பேசிக்கிட்டிருந்தாரு. என்னமோ ஆறுதல் சொல்லியிருப்பாரு. மறுநாள் லீவு போட்டுட்டு வர்றேன்னு சொன்னாராம். ஒரு வாரம் தள்ளிப்போகுதுன்னு தெரிஞ்சும் மறுநாளே எதுக்கு லீவு போடுறாருன்னு எனக்குப் புரியல. பாசம்தான்.

நான் வாசல்ல முடியாது முடியாதுன்னுக்கிட்டிருக்கேன், உள்ள மக கையில ஊசி மேல ஊசியாப் போட்டிருக்காங்க. சத்து ஊசியா இருக்கும்னு விட்டுட்டேன்.

மத்தியானம் சாப்பாடு குடுக்க உள்ள போனேன். அவ வயித்தச் சுத்திப் பட்டையக் கட்டி ஒரு மெசின்ல மாட்டி வச்சிருந்தாங்க. புள்ளையோட இருதயம் அடிக்கிறது வெளிய கேக்குது சார். டக்குடக்கு டக்குடக்குன்னு என்னா வேகம்! எனக்குச் சிரிப்பே வந்துருச்சு. "பாரு ஆத்தா, பைபாஸ்ல போற வண்டியாட்டம் போகுது, இதப் போயி பலமில்லங்கறாங்க"ன்னேன். சொல்லி வாய மூடல. அது மெதுவாச்சு. டக்கு... டக்கு... டக்கு. அம்புட்டுப் பெரிய வார்டுல எல்லாரும் பேசிக்கிட்டிருக்காங்க, எனக்கு வேற ஒண்ணும் கேக்கல. நர்சு ஓடியாந்து மகள எடது பக்கம் திருப்பிப் படுக்க வச்சுச்சு. திரும்பப் புடிச்சு ஓடுச்சு.

பொய் சொல்லல. பயந்துட்டேன். இருவத்தொம்பது வருசமா எத்தன டிரைவரு கண்டக்டரு கம்பியத் தூக்கிட்டு அடிக்க வந்திருப்பான், அதுக்கெல்லாம் பயப்படாதவன்.

மக என்னைய அண்ணாந்து பாத்து, "நாளைக்குப்பா"ன்னா.

நான் விடல. "அடுத்த புதன்"னு சொல்லிட்டு தூக்குவாளிய எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். ஆம்பளன்னா ஒரு சொல்லு. என்னங்க?

புதன்கெழம விடிஞ்சுச்சு. அந்த வார்டுல ஜெசிந்தான்னு ஒரு சிஸ்டரு. அம்பது வயசு இருக்கும். அதட்டுனா வார்டே அடங்கும். காலையில அந்தம்மாவும் பவுன்தாயியும் காப்பி டம்ளரோட ஒரு மூலையில நின்னு குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்தாங்க. பொம்பளைக பேச்சு, நான் கண்டுக்கல. பேசி முடிச்சுட்டு சிஸ்டரு நேரா என்கிட்ட வந்துச்சு.

"ஐயா, நீங்க டைம்கீப்பராமே. கணக்குல புலியாம், அம்மா சொன்னாங்க."

"புலியெல்லாம் இல்லம்மா. தப்பு வராது, அவ்வளவுதான்."

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மாசத்துக்கு எத்தன வாரம்?"

"நாலு."

"இன்னைக்கு உங்க பொண்ணுக்கு முப்பத்துநாலு வாரம் முடியுது. அப்ப எத்தன மாசம்?"

முப்பத்துநாலை நாலால வகுத்தேன். எனக்குப் பேப்பரு தேவையில்ல. எட்டரை.

"எட்டு முடிஞ்சு மேல அரை ஆகிப்போச்சு. அப்ப இப்ப எத்தனாவது நடக்குது?"

"ஒம்போது"ன்னேன்.

நான் சொன்னேன் சார்! அந்தம்மா சொல்லல. ஒம்போதுங்கற வார்த்த எம் வாயில இருந்துதான் வந்துச்சு. அந்தம்மா கேள்வி கேட்டுச்சு, அவ்வளவுதான். கணக்கப் போட்டது நானு. டாக்டருக்காரங்க கணக்குல ஒம்போது நடக்குது, நான்தான் இம்புட்டு நாளா ஊர்க்கணக்குல எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். இத மொதல்லயே அந்தச் சின்ன டாக்டரம்மா வெவரமாச் சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் வாசல்ல காவல் இருந்திருப்பேனா?

"அப்ப எடுத்துரலாம்"னு சொன்னேன். அனுமதி குடுத்தேன்.

"உங்க கையெழுத்து வேணும் ஐயா"ன்னு சிஸ்டரு ஒரு பாரத்த நீட்டுச்சு. போட்டேன். மேல ரத்த வங்கின்னு அச்சடிச்சிருந்துச்சு. ஆஸ்பத்திரியில எல்லா பாரமும் ஒரே கட்டுலதான கெடக்கும், கையில கெடச்சதக் குடுத்திருக்கும். அதக் கீழ போயி ஒரு சன்னல்ல குடுத்துட்டு வாங்கன்னுச்சு. போனேன். வரிசையில நாலு பேரு. குடுத்துட்டு, படியேறி மேல வர்றேன், மாப்பிள்ளை வராந்தாவுல நின்னுக்கிட்டு அழுகுறாரு. அப்புறம் பாத்தா சிரிச்சுக்கிட்டே அழுகுறாரு.

பொம்பளப் புள்ள. ஒரு கிலோ முந்நூத்திப் பத்து கிராம். அழுதுச்சாம். நல்லாச் சத்தமா அழுதுச்சாம்.

நான் கையெழுத்துப் போட்டுக் கீழ எறங்கி மேல ஏறுறதுக்குள்ள சார். கால் மணி நேரம் இருக்குமா? அதுக்குள்ள மயக்க ஊசி போட்டு, கிழிச்சு, எடுத்து, தொடச்சு, எடையும் போட்டுட்டாங்க. எங் கையெழுத்துக்கு என்னா வேகம் பாத்தீங்களா? அதுக்குத்தான் கெவர்மெண்டு ஆஸ்பத்திரியக் கொற சொல்றவனக் கண்டா எனக்குப் புடிக்காது.

இருவத்தாறு நாளு கண்ணாடிப் பொட்டியில இருந்துச்சு. சுண்டு விரல்தான் சார் அதுக்குக் கை. மூக்குல கொழா. பாலு சொட்டுச் சொட்டா ஏத்துவாங்க. அப்புறம் நெஞ்சோட நெஞ்சா வச்சுக்கணும், மனுசச் சூடுதான் மருந்துன்னாங்க. மகளுக்குப் பிரசர் இன்னும் எறங்கல, மாப்பிள்ளைக்கு லீவு தீந்துருச்சு. நீங்க வாங்கய்யான்னு ஜெசிந்தா சிஸ்டரு என்னையக் கூப்புட்டுச்சு. நான் மாட்டேன்னேன். சட்டையக் கழட்டுங்கன்னு ஒரு அதட்டு. கழட்டிட்டேன். குளிச்சிட்டு வந்த நெஞ்சு மேல அதக் குப்புற வச்சு, சுத்தித் துணியக் கட்டி விட்டுருச்சு. ஒரு கைப்புடி சூடு. மூச்சு விட்டாக்கூட அதுக்கு நோகுமோன்னு நான் பாதி மூச்சுத்தான் விட்டேன். தெனமும் மூணு மணி நேரம் அப்படி உக்காந்திருக்கேன். அங்க அந்த மூணு மணி நேரத்துல எத்தன வண்டி இங்க முன்னாடி எடுத்தானோ பின்னாடி எடுத்தானோ, நான் நெனைக்கவே இல்ல. நீ இருந்துரு, நீ இருந்துருன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தேன். வேற சாமியெல்லாம் ஞாபகம் வரல.

இருந்துருச்சு. இப்ப அஞ்சு மாசம் ஆகுது. கழுத்து நின்னுருச்சு. இளவெயினின்னு என்னமோ வாயில நொழையாத பேரு வச்சிருக்குதுக. நான் குட்டின்னுதான் கூப்புடுறேன். என்னையப் பாத்தாச் சிரிக்கும்.

பேரு வச்ச அன்னைக்கு சொந்தபந்தம் பூராம் வந்திருந்துச்சு. எட்டாம் மாசமாமே, எப்படி எடுக்க விட்டீங்கன்னு ஒரு பெரிய மனுசன் கேட்டாரு. எல்லாரும் கேக்கட்டும்னு வெலாவாரியாச் சொன்னேன். முப்பத்துநாலு வாரம், வகுத்தல் நாலு, எட்டரை, ஒம்போது நடப்பு. நான் கணக்குப் போட்டுச் சொன்னப்புறம்தான் கத்தியவே எடுத்தாங்கன்னு சொன்னேன். நாலு பேரு தலையாட்டுனாங்க. எம் மகளும் மாப்பிள்ளையும் ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிட்டாங்க. சந்தோசந்தான் வேறென்ன.

எல்லாரும் போனதுக்கப்புறம் பவுன்தாயி புள்ளையக் கால்ல போட்டு எண்ணெ தேச்சுக்கிட்டிருந்தா. நான் பக்கத்துல நின்னு, "பாத்தியா, கணக்கு தெரிஞ்ச தாத்தா இருந்ததால பொழச்ச"ன்னு புள்ளைகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன். அவ தலையத் தூக்காமச் சொல்றா. கோவமாச் சொல்லல சார். கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன்.

"இருவத்தேழு வருசத்துக்கு முன்னாடி உங்கள ஏமாத்துறதுக்கு எனக்கும் இப்படி ஒரு சிஸ்டரு கெடச்சிருந்தா, நம்ம பயலுக்கு இந்நேரம் பொண்ணு பாத்துக்கிட்டிருப்போம்ங்க."

அவ்வளவுதான் சொன்னா. புள்ளையத் திருப்பிப் போட்டு முதுகுக்குத் தேய்க்க ஆரம்பிச்சுட்டா.

அப்பவும் ஒரு நர்சம்மா வந்து அவ வயித்தத் தொட்டுப் பாத்துச்சு சார். வயிறு வளரல, திண்டுக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னுதான் சொல்லுச்சு. ஒம்போது பெறக்குறதுக்குப் பத்து நாளு இருந்துச்சு. பத்தே நாளு. பொறுப்போம்னேன். ஆறாம் நாளு, புள்ள அசையக் காணமேன்னா. எட்டாம் நாளு பெறந்தான். நான் சொல்றதெல்லாம் எட்டாம் மாசம் பெறந்தான், தங்கலன்னு. பொய் இல்லையே. பெறந்தது எட்டாம் மாசந்தான. கையில வாங்குனேன், அதுவும் நெசந்தான். மூச்சு இருந்துச்சுன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

ஏமாத்துனாங்கங்கறா சார் அவ. எது ஏமாத்து? நீங்க படிச்சவுகளாத் தெரியுது, நீங்களே சொல்லுங்க. மாசத்துக்கு நாலு வாரம். பிப்ரவரியில சரியா நாலு வாரந்தான? நாலு எட்டு முப்பத்திரண்டு. மீதி ரெண்டு வாரம். ரெண்டு வாரம்னா அரை மாசம். அதெல்லாம் சரியாத்தான இருக்கு? அந்தக் கணக்கு தப்புன்னா அப்ப எட்டாம் மாசம் பெறந்த புள்ள எங்க வீட்டுல சிரிச்சுக்கிட்டு இருக்குன்னு ஆகும். அப்படி ஆச்சுன்னா, அந்தப் பத்து நாளு எதுக்குன்னு ஆகும். அதனால ஒம்போதுதான் சார். ஒம்போதுதான். தலைய ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க. எட்டரை வருதா இல்லையா?